அவசரம்: இசைத்தட்டுகளை மொத்தமாக 15,000 ரூபாய்க்குக் கொடுத்துவிடலாமா?

சத்துவாச்சாரி
வணக்கம். வீட்டில் பழைய இசைத்தட்டுகள் நிறைய இருக்கின்றன. மாடியை இடித்துக் கட்டுவதால் அறையை உடனே காலி செய்தாக வேண்டும். பழைய சாமான் வியாபாரி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து 15,000 ரூபாய் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவாராம். கொடுத்துவிடலாமா? ஒரு தட்டு என்ன விலை போகும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பாலாற்று மணல்
நிறைய என்றால் எத்தனை? நூறும் நிறையதான், ஐயாயிரமும் நிறையதான்.

ராணிப்பேட்டைக்காரன்
கொடுக்காதீர்கள்! இளையராஜா பாட்டுள்ள பெரிய தட்டு, அதாவது எல்.பி., இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்பதுகளில் எக்கோ என்ற கம்பெனியின் பெயரோடு வந்தவற்றுக்கு இப்போது அடிதடியே நடக்கிறது. அட்டை கிழியாமல் இருக்கிறதா? உள்ளே பிளாஸ்டிக் உறை இருக்கிறதா? இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஊசிமுனை
மாதம் ஒருவர் வந்து இதே கேள்வியைக் கேட்கிறார். இந்தக் குழுவின் பழைய உரையாடல்களைப் படிக்கும் வழக்கம் ஒழிந்தே போய்விட்டது. தம்பி, நெல் மூட்டைக்கு விலை கேட்பவன்கூட பொன்னியா குண்டா என்று சொல்லிவிட்டுத்தான் கேட்பான். தட்டு 7 அங்குலமா, 10 அங்குலமா, 12 அங்குலமா? நிமிடத்துக்கு 78 சுற்றா, 45 சுற்றா, 33⅓ சுற்றா? நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் என்ன கம்பெனி? யார் வைத்திருந்தார், எதில் போட்டுக் கேட்டார்? இவை தெரியாமல் விலை சொல்பவன் பொய் சொல்கிறான்.

சத்துவாச்சாரி
நான் தம்பி அல்ல, பேரன் எடுத்தவள். எண்ணிப் பார்த்தோம், ஏறக்குறைய 1,400 வருகிறது. பெரியது, சிறியது, நடுத்தரம் எல்லாம் இருக்கின்றன. கறுப்பாக இருக்கின்றன. நாய் படம் போட்டவைதான் அதிகம். விலை மட்டும் சொன்னால் போதும்.

ஊசிமுனை
கறுப்பாக இருக்கின்றன. நல்ல தகவல், அம்மா.

அரக்குத்தட்டு
அவரை விடுங்கள் அம்மா. நாய் படம் என்றால் எச்.எம்.வி. கம்பெனி. நடுத்தர அளவில், கையில் கனமாக, வளையாமல் இருப்பவை 78 சுற்றுத் தட்டுகள். அரக்கில் செய்தவை, கீழே விழுந்தால் அப்பளம்தான். பெரிய, இலேசாக வளைந்துகொடுப்பவை வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த எல்.பி. சிறியவை பெரும்பாலும் 45 சுற்று இ.பி. முதலில் இந்த மூன்றையும் பிரித்து வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். முக்கியமாக, தூசி துடைக்கிறேன் என்று 78 மேல் ஸ்பிரிட் போட்டுவிடாதீர்கள். ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும்.

78களில் சினிமாப் பாட்டைவிட நாடக மேடைப் பாட்டு, நாகசுரம், ஹரிகதை இருக்கிறதா என்று பாருங்கள். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்குக் கிடைப்பதே அந்தத் தட்டுகளால்தான்.

ராணிப்பேட்டைக்காரன்
78ஐ இன்று யார் வாங்குகிறார்கள்? போட்டுக் கேட்கப் பெட்டி எங்கே இருக்கிறது? காசு எல்.பி.யில்தான்.

அரக்குத்தட்டு
உங்கள் எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் கரகரப்புதான் கேட்கும். அதன் பள்ளம் அகலம், அதற்கேற்ற அகலமான ஊசி வேண்டும். இன்றும் விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் வாங்குகிறவர் தேடிக்கொண்டு வருவார்.

சத்துவாச்சாரி
சொல்ல மறந்துவிட்டது. மாமனார் குடியாத்தத்தில் ஒலிபெருக்கி நிலையம் வைத்திருந்தார். எல்லாம் அவருடையவை. தகரப் பெட்டிகளில் அடுக்கியிருக்கிறார். தட்டின் நடுவில் கடை முத்திரையும் சிவப்பு மையில் வரிசை எண்ணும் இருக்கின்றன. பாதிக்கு அட்டை இல்லை.

ஊசிமுனை
இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். ஒலிபெருக்கிக் கடைச் சரக்கு என்றால் சேகரிப்பவன் முகம் சுளிப்பான். தாளில் முத்திரை, கிறுக்கல், அட்டை இல்லை, போதாக்குறைக்குத் தேய்மானம். எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடியதும் மாற்ற வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ஒரே ஊசியில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடுவார்கள். கறுப்புத் தட்டு சாம்பல் பூத்துக் கிடக்கும்.

ஹாரன் சத்தம்
என் தகப்பனாரும் ஆற்காட்டில் அதே தொழில் செய்தவர். ஊசி டப்பா எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். பாட்டு தேய்ந்தால் அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? தெரியாமல் பேசாதீர்கள். உங்களைப் போன்றவர்கள் அட்டையைப் பார்த்துச் சேர்த்தீர்கள், நாங்கள் ஊருக்குக் கேட்கப் போட்டோம்.

ஊசிமுனை
ஊருக்குக் கேட்கப் போட்டதால்தான் தேய்ந்தது என்கிறேன்.

ராணிப்பேட்டைக்காரன்
குடியாத்தம் என்றதும் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாதான் ஞாபகம் வருகிறது. விடியற்காலையில் எல்.ஆர். ஈஸ்வரி குரலில்தான் கண் விழிப்போம்.

ஹாரன் சத்தம்
முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு. அதற்குப் பிறகுதான் அம்மன் பாட்டு. தொழில் தெரிந்தவர் எவரும் இதை மாற்ற மாட்டார்.

ராணிப்பேட்டைக்காரன்
எங்கள் தெருவில் நேராக ஈஸ்வரிதான்.

ஹாரன் சத்தம்
அப்படியானால் அவர் தொழில் தெரியாதவர்.

பாலாற்று மணல்
அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டார்.

அரக்குத்தட்டு
1,400 தட்டுக்கு 15,000 என்றால் ஒன்றுக்குப் பதினொரு ரூபாய்கூட வரவில்லை. அதற்காக வியாபாரியை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். விலை போகாத நூற்றுக்கணக்கான தட்டுகளையும் அவர்தான் சுமக்க வேண்டும். ஆனால் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகக் கொடுப்பது உங்களுக்குத்தான் நஷ்டம்.

அட்டையோடு இருக்கும் எல்.பி.களை மட்டும் இன்றே தனியாக எடுங்கள். தட்டைக் குழல்விளக்கின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒரு குவியல், கண்ணுக்கு மட்டும் தெரியும் கீறல் இன்னொரு குவியல். பிறகு பேரனை விட்டு, இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தேடச் சொல்லுங்கள். தாளில் கம்பெனி அச்சிட்ட எண்ணைப் போட வேண்டும், படத்தின் பெயரை மட்டும் போட்டால் வேறு பதிப்பின் விலை வந்து நிற்கும். அங்கே ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதுவும் நல்ல நிலையில் உள்ள தட்டுக்கானது, முத்திரை குத்தியதற்கு அவ்வளவு வராது.

78களில் சினிமா அல்லாதவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். பழைய இசைத்தட்டுகளைப் பாதுகாக்கும் இடம் அது. பணத்தை எதிர்பார்க்க வேண்டாம். இடிக்கும்வரை பெட்டிகளை மொட்டை மாடியில் மட்டும் வைக்காதீர்கள். வேலூர் வெயிலுக்கு வினைல் ஒரு மதியத்தில் நெளிந்துவிடும்.

ஊசிமுனை
இதையெல்லாம் நான் போன வருடமே எழுதிவிட்டேன்.

சத்துவாச்சாரி
அனைவருக்கும் நன்றி. வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அட்டையோடு 160 எல்.பி. தேறியது. காட்பாடியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, அதில் நாற்பதுக்கு மட்டும் 18,000 கொடுத்து எடுத்துப் போனார். மீதியைத் தங்கை வீட்டில் வைத்திருக்கிறோம். நாகசுரம் ஒரு பெட்டி இருக்கிறது, பட்டியல் எழுத வேண்டும்.

ராணிப்பேட்டைக்காரன்
அந்த நாற்பதில் எக்கோ எத்தனை? எனக்குச் சொல்லச் சொன்னேனே!

ஹாரன் சத்தம்
மாமனாரின் ஹாரன், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் இருக்கின்றனவா அம்மா? விற்பதாக இருந்தால் நான் குடியாத்தத்துக்கே வருகிறேன்.