படுவான்கரை ஆசிரியர்களிடம் ஓர் உதவி

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் தரம் 10, 11 மாணவருக்குக் கணிதம் கற்பிக்கிறேன். அறுவடைக் காலத்தில் சில பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுகிறார்கள். சிலரின் தாய்மார் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார்கள். எல்லோரும் கெட்டிக்காரப் பிள்ளைகள், அதுதான் கூடுதலாக வலிக்கிறது. சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்கத் தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது. மாலையில் வாவியைக் கடந்து நகரிலுள்ள வீட்டுக்குத் திரும்பி, சுடுசோறு உண்ணும்போதே குற்ற உணர்வு வந்துவிடுகிறது. பழகிவிடும் என்கிறார்கள், பழகிப்போக எனக்கு விருப்பமில்லை.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்து யாராவது தமிழில் பேசியிருக்கிறீர்களா? மட்டக்களப்பில் ஆசிரியர்களின் பாரத்தைப் பொறுமையாகக் கேட்கும் உளவளத்துணையாளர் இருந்தால் சொல்லுங்கள். இடைவிலகும் பிள்ளையின் வீட்டுக்குப் போனால் முதலில் என்ன பேசுவது என்பதையும் அனுபவமுள்ள அக்காமார், அண்ணாமார் எழுதுங்கள்.