முதலிடம் வந்த அன்னிக்கு நேதன் எவன்ஸ் தபால்காரரா, இல்லையா?

ஏழுகட்டை:
நேத்து பழையதபால் சார் இங்கே எழுதினது இது: "ஸ்காட்லாந்தில் தடுக்கி விழுந்தால் பாடகன். கிளாஸ்கோ பக்கத்து ஏர்ட்ரி ஊர்த் தபால்காரர் நேதன் எவன்ஸ், தன் நாட்டுக் கடல் பாட்டைப் பாடியே பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்." படிச்சதிலிருந்து மனசு ஆறலை. முதல்ல, அவர் பாடின 'வெல்லர்மேன்' ஸ்காட்லாந்துப் பாட்டு இல்லை, நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைக்காரங்க பாட்டு. ரெண்டாவது, டிக்டாக்கில் அவர் அதைப் போட்டது 2020 டிசம்பர். 2021 ஜனவரியில் பாலிடார் இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு வேலையை விட்டாச்சு. பாட்டு முதலிடம் வந்தது மார்ச். அன்னிக்கு அவர் தபால்காரர் இல்லை.

பழையதபால்:
தம்பி, 31 வருஷம் தபால் பையைச் சுமந்தவன் நான். வெயிலில் வீடு வீடா நடந்தவன் ராத்திரி வந்து பாடுறான்னா அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்னு எனக்குத் தெரியும். அந்த வீடியோ எடுத்தப்போ அவர் யார்? தபால்காரர். உலகம் கேட்டது யார் குரலை? தபால்காரர் குரலை.

ஏழுகட்டை:
முதலிடம் வந்தது அந்த வீடியோ இல்லை சார். 220 கிட், பில்லன் டெட்ங்கிற இசைக்காரங்களோடு சேர்ந்து செய்த ரீமிக்ஸ். மார்ச். வேலையை விட்டவர்.

பழையதபால்:
வேலையை விட்டால் தபால்காரர் இல்லைன்னு ஆயிடுமா? நான் ஓய்வு பெற்று ஆறு வருஷமாச்சு. எங்க தெருவில் இன்னும் போஸ்ட்மேன் சார்னுதான் கூப்பிடுறாங்க.

சும்மாவந்தேன்:
ஏர்ட்ரி எதுக்கு? சூசன் பாயில் போதாதா? பிளாக்பர்ன் ஊரிலிருந்து வந்து, 2009இல் ஒரே பாட்டில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்து, 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' டிவி போட்டியை ஜெயிச்சவர். அமெச்சூர்னா அதுதான்.

ஏழுகட்டை:
ஜெயிக்கலை. ரெண்டாவது இடம். ஜெயிச்சது டைவர்சிட்டி நடனக் குழு. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, 1999இல், ஓர் அறக்கொடை சிடியில் பாடியிருக்கார். குரல் பயிற்சிக்கும் போனவர். திடீர்னு முளைச்ச மாதிரி எழுதாதீங்க. பயிற்சியைக் கேவலமா நினைக்கிற பழக்கம் இந்த இடத்தில் ரொம்ப நாளா இருக்கு. இருபது வருஷமா வயலின் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அது வலிக்கும்.

லீத்மருமகள்:
கல்யாணமாகி எடின்பரோ லீத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகுது. இங்கத்து ஜனங்க பாடுறதுன்னா என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை. 2016 மே மாசம், ஹாம்ப்டன் மைதானம். எங்க லீத் கால்பந்து அணி ஹிப்ஸ், ரேஞ்சர்ஸை 3-2ன்னு ஜெயிச்சு, 1902க்குப் பிறகு முதல்முறையா ஸ்காட்டிஷ் கோப்பையை வாங்கினாங்க. 114 வருஷக் காத்திருப்பு! கேலரி முழுக்கத் தோளோடு தோள் சேர்ந்து, புரொக்ளைமர்ஸ் சகோதரர்களின் 'சன்ஷைன் ஆன் லீத்' பாடினாங்க. சுருதி எங்கேயோ போச்சு. என் மாமனார் டிவி முன்னாடி உட்கார்ந்து அழுதார். கல்யாண வீட்டில் கடைசியா எல்லாரும் வட்டமா நின்னு கையைக் கோத்து 'லோக் லோமண்ட்' பாடுறப்பவும் அப்படித்தான். அங்கே யாரும் யாரையும் தபால்காரரான்னு கேட்கலை.

பழையதபால்:
நல்லா சொன்னேம்மா. அந்தக் கேலரியிலும் தபால்காரங்க இருந்திருப்பாங்க. எவன்ஸும் டிசம்பரில் அப்படி ஒருத்தர்தான்.

ஏழுகட்டை:
மார்ச்.

பழையதபால்:
டிசம்பர். இன்னொண்ணு. நியூசிலாந்துன்னு பெருசா சொன்னீங்களே, அது ஒட்டாகோ கரைப் பாட்டு. ஒட்டாகோவில் இருக்கிற டனீடின் நகரத்தின் பேரே எடின்பரோவின் கேலிக் பேர். குடியேறினதே ஸ்காட்லாந்துக்காரங்க.

ஏழுகட்டை:
அவங்க போனது 1848. பாட்டின் பேருக்குக் காரணமான வெல்லர் சகோதரர்கள் அங்கே திமிங்கில வேட்டை நிலையம் போட்டது 1831. அவங்க இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்காரங்க. பதினேழு வருஷம் முன்னாடி போய் எந்த ஸ்காட்லாந்துக்காரன் பாட்டு எழுதினான்? போன மாசம் நாதஸ்வரமும் பேக்பைப்பும் ஒண்ணுதான்னு எழுதினவர்தானே நீங்க.

பழையதபால்:
ரெண்டிலும் இரட்டைச் சீவாளி. அதைத்தான் சொன்னேன். இன்னும் சொல்வேன்.

ஏழுகட்டை:
பேக்பைப்பில் வாசிக்கிற குழலில் மட்டும்தான் இரட்டை. சுருதிக் குழல்களில் ஒற்றை. அன்னிக்கே சொன்னேன், நீங்க படிக்கலை.

சும்மாவந்தேன்:
எடின்பரோவில் 'ரியலி டெரிபிள் ஆர்கெஸ்ட்ரா'ன்னு ஒண்ணு 1995இல் தொடங்கினாங்களே. சரியா வாசிக்க வராதவங்களுக்குன்னே ஒரு குழு. எழுத்தாளர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் அதில் பஸ்ஸூன் வாசிப்பார். 2007இல் லண்டன் கடோகன் ஹாலில் டிக்கெட் எல்லாம் வித்துப்போச்சு. எழுகட்டை சார் இதுக்கு என்ன சொல்றார்?

ஏழுகட்டை:
என் பேர் ஏழுகட்டை. எழுகட்டை இல்லை. அந்தக் குழுவைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருது. ஒரு ஸ்வரம் சுத்தமா விழணும்னு குழந்தைங்க விரல் தேய வாசிக்கிறாங்க. பிசகா வாசிக்கிறதுக்குக் கைதட்டலா?

லீத்மருமகள்:
அவங்க நல்லா வாசிக்கத்தான் முயற்சி பண்றாங்க அண்ணா. வரலை. வராட்டியும் நாலு பேர் முன்னாடி வாசிக்க ஆசை இருக்கு. அந்த ஆசையில் என்ன தப்பு? ஒன்பது வயசில் பாட்டு வகுப்பிலிருந்து "உனக்குக் குரல் இல்லை"ன்னு அனுப்பிட்டாங்க என்னை. அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்ததே இங்கே ஒரு பப்பில்தான்.

ஏழுகட்டை:
உங்களை அனுப்பினது நான் இல்லை.

லீத்மருமகள்:
உங்களை மாதிரி ஒருத்தர்.

பழையதபால்:
அம்மா, நீ பாடு. தம்பி, நீங்க ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. டிசம்பரில் அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? ராயல் மெயில். முடிஞ்சுபோச்சு.

ஏழுகட்டை:
முடியலை. மார்ச்சில் சம்பளம் கொடுத்தது யார்?

பழையதபால்:
பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிட்டு வரணும். ராத்திரி வந்து எழுதுறேன். டிசம்பர்.