ஆலை அரசு கைக்குப் போனால் சோசலிசமா?

இரவுவாசகன்:
தோழர்களே, எங்கள் வாசிப்பு வட்டம் போன வாரம் இதிலேயே மாட்டிக்கொண்டது. ஆலை, சுரங்கம், வங்கி எல்லாம் அரசுடையது என்றால் முதலாளியே கிடையாது. பிறகு சோவியத் யூனியனைச் சிலர் ‘அரசு முதலாளித்துவம்’ என்பது எப்படி? வெறும் வசைச்சொல்லா, பொருளியல் ஏதும் இருக்கிறதா?

பென்சில்கோடு:
எனக்கும் ரொம்ப நாள் இதே குழப்பம். தெளியவைத்தது மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸின் ஓர் அடிக்குறிப்பு. ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க் ரயில்வேயை அரசுடைமையாக்கியதையே சோசலிசம் என்று சிலர் கொண்டாட, அப்படியானால் புகையிலையை அரசு வசமாக்கிய நெப்போலியனும் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கும் சோசலிசத்தின் ஸ்தாபகர்கள்தான், பட்டாளத்துத் தையற்கூடமும் சோசலிசம்தான் என்று கிண்டலடிக்கிறார். என் பிரதியில் அந்தப் பக்க ஓரத்தில் ‘தையல்!’ என்று எழுதியிருக்கிறேன்.

பத்திரம் யார் பெயரில் என்பதை விடுங்கள். உழைப்புச் சக்தியை விற்றால்தான் பிழைப்பு என்ற நிலை போயிற்றா? கூலிக்கு மேல் உழைப்பு உண்டாக்கும் உபரி எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? சோவியத்தில் 1940 ஜூன் ஆணைப்படி, அனுமதியில்லாமல் வேலையை விட்டால் 2 முதல் 4 மாதம் சிறை. 20 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் வழக்கு, கூலியில் 25% வரை பிடித்தம். ஆலை தொழிலாளியுடையது என்றால் இந்தப் பிடித்தம் யார் கணக்குக்கு?

ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது (1875) மார்க்ஸ் கூலிக்குப் பதிலாகச் சொன்ன உழைப்புச் சான்றிதழையும் பாருங்கள். செய்த வேலைக்கு ஈடாகப் பொதுக் கிடங்கிலிருந்து பொருள் எடுக்கலாம், அவ்வளவுதான். நாடகச் சீட்டு மாதிரி. அதை வைத்து இன்னொருவரைக் கூலிக்கு அமர்த்த முடியாது.

சிவப்புமை:
தோழர், சிறைத்தண்டனை ஒடுக்குமுறைக்குத்தான் சாட்சி, முதலாளித்துவத்துக்கு இல்லை. ஸ்டாலினை எதிர்த்த ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியே 1936இல் ‘அரசு முதலாளித்துவம்’ என்ற பெயரை ஏற்கவில்லை. சோவியத் அதிகாரியிடம் பங்குப் பத்திரம் கிடையாது, ஆலையைப் பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. போட்டியே இல்லாமல் மூலதனம் எங்கிருந்து வரும்? லெனின் 1918இல் இதே சொல்லை, சிறு விவசாயிகள் சந்தைக்காகச் செய்யும் சிறு சரக்கு உற்பத்திக்கு மேலான ஒரு படி என்றுதான் ஆள்கிறார். சொல் ஒன்று, சண்டை இரண்டு.

பென்சில்கோடு:
லெனின் விஷயம் சரி, சொல்லாமல் விட்டுவிட்டேன். போட்டி பற்றிய கேள்விக்கு பிரிட்டன் மார்க்சியர் டோனி கிளிஃப் 1948இல் பதில் சொல்கிறார்: உள்ளே சந்தை இல்லாவிட்டாலும் வெளியே ஆயுதப் போட்டி, மூலதனக் குவிப்பை அதுதான் விரட்டுகிறது. ஆனால் சொந்த ராணுவத்துக்கு வார்க்கும் பீரங்கி சந்தைச் சரக்கு இல்லையே, சரக்கின் மதிப்பை அதிலுள்ள உழைப்பு தீர்மானிக்கிறது என்ற மதிப்பு விதி அங்கே எப்படி வேலை செய்யும்? அந்த இடத்தில் என் பென்சில் கேள்விக்குறியோடு நிற்கிறது.

இரவுவாசகன்:
சரி, இந்த வாரம் தையற்கூடத்திலிருந்தே தொடங்குகிறோம். லெனினின் அந்த 1918 கட்டுரை தமிழில் யாரிடமாவது இருக்கிறதா?