கணுக்கால் மடங்கிவிட்டால்: சுளுக்கா, முறிவா? திடலில் வைத்தே எப்படித் தெரிந்துகொள்வது?

திடல்_துணை:
பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர்களுக்காக ஒரு பக்க முதலுதவிக் குறிப்பு தயாராகிறது. இரண்டு இடத்தில் தெளிவு வேண்டும். கணுக்கால் வீங்கினால் எக்ஸ்ரேவுக்கு அனுப்புவதை எதை வைத்து முடிவு செய்வது? விரல் அசைந்தால் முறிவில்லை என்கிறார்களே, சரிதானா? அடுத்து, கிரேப் பேண்டேஜை எங்கே தொடங்கி, எவ்வளவு இறுக்கிச் சுற்ற வேண்டும்?

எலும்பியல்_வாசகர்:
விரல் அசைவதை நம்பவே வேண்டாம். விரலை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே இருந்து நாண் வழியாக இழுக்கின்றன. கணுக்கால் எலும்பு உடைந்திருந்தாலும் விரல் அசையும். வீக்கமும் அப்படித்தான்: வெறும் சுளுக்கு முட்டை மாதிரி புடைக்கும், விரிசல் விட்ட எலும்பு லேசாகத்தான் வீங்கும்.

மருத்துவர்கள் பார்ப்பது எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய 1992-இல் வெளியான ஒட்டாவா விதிகளை. கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை, கட்டைவிரலால் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே. பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் தட்டுப்படும் மேட்டில் வலித்தாலும், உட்புறம் கணுவுக்குச் சற்று முன்னால் உள்ள எலும்பில் வலித்தாலும் எக்ஸ்ரேதான். அடிபட்ட உடனேயும் சரி, இப்போதும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் அனுப்ப வேண்டும். நொண்டி எடுத்து வைக்கும் அடியும் கணக்கில் சேரும்.

பலரும் தவறுவது அழுத்தும் இடத்தில். வெளிக்கணுவுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் இருப்பது எலும்புகளைப் பிணைக்கும் தசைநார். எந்தச் சுளுக்கிலும் அங்கே வலிக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பிள்ளைகள் என்பதால் இன்னொன்று. அவர்களுக்குத் தசைநாரைவிட எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு நுனியருகே வளர்ச்சி நடக்கும் பகுதி) வலுக்குறைவு, அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். எலும்பின் மேல் வலி என்றால் முறிவாகவே நினைத்து அனுப்பிவிடுங்கள்.

கட்டு_பழகியவர்:
கட்டு விஷயம். பாதத்தைக் காலுக்கு நேர்க்கோணத்தில் பிடித்துக்கொண்டு, விரல்கள் தொடங்கும் இடத்தில் இரண்டு சுற்று. பிறகு குதிகாலைச் சுற்றி எட்டு வடிவில் கொண்டுபோய், கெண்டைச் சதைக்குக் கீழே முடியுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். பேண்டேஜ் நீளக்கூடியதில் பாதி இழுத்தால் போதும், மேலே போகப்போக இறுக்கம் குறைய வேண்டும். கணுவில் தொடங்கி மேலே மட்டும் சுற்றினால் நீர் இறங்கிப் பாதம் வீங்கிவிடும்.

விரல்கள் வெளியே தெரியட்டும். நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். தாமதமானாலோ, விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். தூங்கும்போது கழற்றிவிடலாம்.

ஐஸைத் துணியில் சுற்றி 15–20 நிமிடம், 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் 48 மணி நேரம் ஒத்தடச் சூடும் கூடாது, எண்ணெய் போட்டு நீவுவதும் கூடாது. இரண்டுமே உள்ளே ரத்தக்கசிவைக் கூட்டும்.

திடல்_துணை:
நன்றி. ஷூவைக் கழற்றலாமா?

எலும்பியல்_வாசகர்:
சுளுக்கு மாதிரி தெரிந்தால், லேஸை முழுக்க உருவிவிட்டு மெதுவாகக் கழற்றுங்கள். பாதம் கோணியிருந்தால் லேஸைத் தளர்த்துவதோடு சரி. இழுத்து நேராக்க முயலவே கூடாது, நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்கும். தலையணையையோ மடித்த போர்வையையோ உள்ளங்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை காலைச் சுற்றி வைத்து, அடிபட்ட இடத்துக்கு மேலும் கீழும் கட்டுங்கள். முடிச்சு காயத்தின் மேல் வரக் கூடாது. கட்டுவதற்கு முன்பும் பின்பும் விரலின் நிறம், சூடு, உணர்ச்சி மூன்றையும் பாருங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல் சுத்தமான துணியால் மூடுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தர வேண்டாம்.

கட்டு_பழகியவர்:
குறிப்பில் இதையும் தடித்த எழுத்தில் போடுங்கள்: கட்டைத் தளர்த்திய பிறகும் வலி கூடிக்கொண்டே போய், கெண்டைக்கால் கல்லாக இறுகி, விரலைப் பிறர் மெல்ல நீட்டினாலே துடித்தால், தசைக்குள் அழுத்தம் ஏறுகிறது. காலை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தாமல் உடனே ஆம்புலன்ஸ். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.