ஸ்காட்லாந்து கோடை மலைநடை: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே எழுதுங்கள்

மேகக்கோடு:
பென் நெவிஸ் உச்சி, ஜூலை மாதம். கீழே ஃபோர்ட் வில்லியத்தில் அரைக்கைச் சட்டை வெயில். 1,345 மீட்டர் உயரத்தில் மேகம் மூடி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கிளப் குழு நில அளவைத் தூணைச் சுற்றி நிற்கிறது. நடத்தி வந்தவர் காம்பஸில் இறங்கும் திசையான 231 பாகை (தென்மேற்கு) வைத்து, முள்ளைப் பொருத்தி, "இப்படி" என்று கை நீட்டினார். நீட்டிய திசை வடகிழக்கு. அங்கே இருப்பது வடமுகத்துச் செங்குத்துப் பாறை. அந்தக் கை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவர் கணக்கில் தப்பில்லை. முள்தான் தலைகீழாகியிருந்தது, சிவப்பு முனை தெற்கைக் காட்டியது. தோள்பட்டையில் ஒரே பையில் போனும் காம்பஸும் ஒட்டிக் கிடந்தால் இப்படி ஆகும். போன் ஸ்பீக்கரிலும் உறை மூடியிலும் காந்தம் இருக்கிறது. தண்ணீர்க் குழாயை மாட்டும் கிளிப்பில், சில கையுறைகளில்கூட இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூன்று காம்பஸை ஓரிரு மீட்டர் இடைவெளியில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மாறிக் காட்டினால் அது அன்றைக்குப் பையை விட்டு வெளியே வரக்கூடாது. கோடையில் பகல் ஒரு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய நேர் தெற்கில் நிற்கும், வெயில் இருக்கும்போதே அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

பின்வரிசை:
மேகக்கோடு அண்ணா, முள் சரியாக இருந்தாலும் அந்த உச்சியில் ஆள் வழி தவறிப்போவது இரண்டாவது கட்டத்தில்தான். தூணிலிருந்து 231 பாகையில் 150 மீட்டர், அதன் பிறகு 282 பாகை. எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். 150 மீட்டரை எண்ணியது யார்? சீக்கிரம் திரும்பினால் வலப்பக்கம் கார்டிலூ கல்லி என்ற செங்குத்துப் பாறைப்பிளவு. திரும்பிய பிறகு இடப்பக்கம் சரிந்துபோனால் ஃபைவ் ஃபிங்கர் கல்லி.

சமதளத்தில் 100 மீட்டருக்கு, ஒரே கால் ஊன்றுவதை மட்டும் எண்ணினால், பெரும்பாலோருக்கு 60 முதல் 70 வரை வரும். உச்சியில் இருப்பது உடைகல், சில வருடம் ஜூலை வரை பனித்திட்டும் கிடக்கும். எட்டு வைக்கும் நீளம் சுருங்கிவிடும், எண்ணிக்கை கூடும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், நடத்துபவர் எண்ணக்கூடாது. அவர் திசையை மட்டும் பார்க்கட்டும். பழைய கையேட்டைப் பார்த்து காந்த விலகலுக்காக (வரைபட வடக்குக்கும் முள் காட்டும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) ஐந்தாறு பாகை கூட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது அங்கே விலகல் மிகச் சிறியது. ஐந்து பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டரில் 87 மீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். அந்த இடத்துக்கு அது ரொம்ப அதிகம்.

ஓடைக்கரை:
உச்சியைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு உறுத்துவது மேற்குக் கரையில் நாய்டார்ட் (Knoydart) பக்கம் ஒரு ஓடை. காலையில் ஆறு கல்லில் கால் வைத்துத் தாண்டியது. மதியம் மூன்று மணிநேர மழை. மாலை ஐந்து மணிக்கு அந்தக் கற்களில் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் காப்பி நிறம், அடியில் பாறைகள் உருண்டு மோதும் சத்தம் கரையில் கேட்டது. குழுவில் ஒருவர் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஆறு மணிக்கு பஸ்."

மேகக்கோடு, பின்வரிசை இரண்டு பேருமே கருவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கிளப் நடையில் ஆளைத் தள்ளுவது வாடகை பஸ். ஒரு பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டு அடுத்ததில் ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு என்றால் வந்த வழியே திரும்பலாம் என்ற எண்ணமே யாருக்கும் வராது. ஆகவே பஸ் நேரத்தை நிர்ணயிக்கும்போதே கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, நூறு மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம். 16 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் 4 மணி 42 நிமிடம். இது நிற்காமல் நடக்கும் ஒற்றை ஆளுக்கு. பதினைந்து பேர் கொண்ட குழு வேலி ஏணி ஒன்றைத் தாண்டவே பத்து நிமிடம் ஆகும். சாப்பாடு, மழைச்சட்டை போடுவது, கடைசி ஆள் வந்து சேர்வது எல்லாம் சேர்த்து ஏழு மணிநேரம் என்று எழுதுங்கள். நடை ஒழுங்குபடுத்துபவர்களிடம் நான் கேட்பது, பஸ் எவ்வளவு நேரம் காத்திருக்கும், வராதவர்கள் எந்த ஊரிலிருந்து எப்படி வருவார்கள் என்பதைக் காலையிலேயே எல்லார் காதிலும் போடுங்கள். இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும் ஜூனில் இரண்டு மணிநேரம் தாமதிப்பதால் யாருக்கும் எதுவும் ஆகாது.

கடக்க வேண்டிய ஓடைக்கு வருவோம். தண்ணீர் முழங்காலுக்கு மேல், வேகமாகவும் போகிறது என்றால் இறங்காதீர்கள். ஒரு குச்சியை எறியுங்கள். கரையில் நீங்கள் நடக்கும் வேகத்தைவிட அது விரைவாகப் போனால் பேச்சே இல்லை. மேல்நோக்கிப் போய், இரண்டு கிளை சேரும் இடத்துக்கு மேலே தனித்தனியாகக் கடக்கலாம். அகன்று பல பிரிவாக ஓடும் இடம்தான் ஆழம் குறைந்தது, ஒடுங்கிய இடம் பார்க்கத்தான் சுலபம். காலுறையைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், பூட்ஸ் காலில் இருக்கட்டும், வெறுங்கால் வழுக்கும். ரக்சாக்கின் இடுப்பு வார், மார்பு வார் இரண்டையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதற வேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, குச்சியை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள், கால் ஒன்றையொன்று தாண்டக்கூடாது. மூன்று பேர் என்றால் தோள்வாரைப் பிடித்து முக்கோணமாக நின்று, ஒருநேரத்தில் ஒருவர் மட்டும் அசையலாம். கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள், இழுபட்டால் அந்தக் கயிறே தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும். இதெல்லாம் செய்வதைவிட உட்கார்ந்திருப்பது நல்லது. மழை விட்ட சில மணிநேரத்தில் மலையோடை வடிந்துவிடும்.

வலைத்தொப்பி:
ஸ்கை தீவில் க்ளென் பிரிட்டில் பள்ளத்தாக்கு, மாலை ஆறரை. காற்று நின்றது. பஸ் பக்கத்தில் குனிந்து பூட்ஸ் மாற்றிக்கொண்டிருந்தவர்களின் புறங்கை கறுத்துப்போனது, அவ்வளவு மிட்ஜ், கூட்டமாக வந்து கடிக்கும் பொடி ஈ. டிரைவர் கதவைச் சாத்திவிட்டார், இருபது பேர் வெளியே.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இதுதான். காற்று மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அடித்தால் மிட்ஜ் பறக்காது. ஆகவே சாப்பிட உட்காரும் இடம் முகடாக இருக்கட்டும், மரமும் நீரும் உள்ள பள்ளத்தில் வேண்டாம். தலையில் போடும் வலை சாதாரணக் கொசுவலைத் துணியில் பயன்படாது, மிட்ஜ் வலை என்றே விற்கும் நெருக்கமான கண்ணி வேண்டும். முகத்தில் ஒட்டாதபடி விளிம்புள்ள தொப்பிக்கு மேல் போடுங்கள். கையில் டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டியைத் தடவிக்கொண்டு காம்பஸைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக் கரைந்து எண்கள் அழியும். பிகாரிடின் என்ற வேறு மருந்து உள்ள ஸ்மிட்ஜ் பூச்சிவிரட்டி அந்தச் சேதம் செய்யாது.

பின்வரிசை:
பேருந்துக்கு வெளியே பூட்ஸ் மாற்றுவதே தேவையில்லை. இருக்கைக்குக் கீழே செய்தித்தாள் விரித்தால் போதும். ஓடைக்கரை, பஸ் நேரம் பற்றிச் சொன்னது ஒப்புக்கொள்கிறேன்.

பிராக்கன்:
மிட்ஜ் அரிப்போடு போய்விடும். உண்ணி அப்படியில்லை, லைம் நோயைக் கொண்டுவரும். இதற்கு இங்கே யாரும் ஒரு வரிகூட எழுதாதது எனக்கு வருத்தம். ஒரு நடையில் இடுப்பளவு பிராக்கன் பெரணிப் புதரில் அரைமணி நேரம் குறுக்கே வந்த குழு, அரைக்கால் சட்டையோடு. ஒருவர் முழங்கால் மடிப்பில் கசகசா அளவில் ஒரு புள்ளி, அழுக்கு என்று தேய்த்தால் போகவில்லை.

தீக்குச்சி, வாசலின், எண்ணெய் எதுவும் வேண்டாம். உண்ணி எடுக்கும் கவட்டைக் கொக்கியைத் தோலோடு ஒட்டிச் செருகி மெதுவாகச் சுழற்றினால் முழுதாக வந்துவிடும். கூர்முனைச் சாமணம் என்றால் சுழற்றாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். உடம்பை நசுக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அக்குள், கவட்டி, இடுப்புப்பட்டை, காதின் பின்புறம் பாருங்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, விரிந்துகொண்டே போகும் சிவப்புத் தடம் வரலாம். சிலருக்குத் தடமே வராமல் காய்ச்சலும் மூட்டுவலியும் மட்டும். இரண்டில் எது வந்தாலும் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

கப்ரோ:
முதல் பதிவுக்குத் திரும்புகிறேன். ஸ்கை தீவின் கூலின் (Cuillin) மலைமுகட்டில் முள் தலைகீழாகாத நல்ல காம்பஸும் பொய் சொல்லும், பாறையிலேயே காந்தம் இருக்கிறது. இரண்டடி தள்ளி வைத்தால் வேறு திசை. மூன்று காம்பஸை ஒப்பிடும் வேலை அங்கே நடக்காது. செயற்கைக்கோள் கருவி, முகட்டின் வடிவம், கையில் 1:25,000 வரைபடம் இவற்றை வைத்துத்தான் நகர வேண்டும். காலடியையும் பாருங்கள்: அங்குள்ள சொரசொரப்பான கப்ரோ பாறை ஈரத்திலும் பிடிக்கும், அதன் நடுவே கறுப்புக் கோடாக ஓடும் பசால்ட் பாறை நனைந்தால் வழுக்கும். மழையில் ஒவ்வொரு அடியையும் சொரசொரப்பான கல்லைத் தேடி வையுங்கள்.