தங்கைக்கு மீண்டும் இரத்த உறைவு: அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வயது 34. மூன்று ஆண்டுகளுக்கு முன் இடது கெண்டைக்காலில் ஆழ்நாள இரத்த உறைவு ஏற்பட்டதிலிருந்து இரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்சபான் மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் எடுத்து வந்தாள். ஆயினும் சென்ற மாதம் அதே கால் மீண்டும் வீங்கியது. விரலால் அழுத்திய குழி வெகுநேரம் மறையவில்லை, கொலுசை வெட்டித்தான் எடுத்தோம்.

இம்முறை லூபஸ் ஆன்டிகோகுலன்ட் உட்பட, உடலே தவறுதலாக உருவாக்கும் மூன்று ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களும் இரத்தத்தில் இருப்பது தெரிந்தது. சோதனைக் குழாயில் உறைவதைத் தாமதப்படுத்தும் அதே பொருள் உடலுக்குள் உறைவைத் தூண்டுகிறது என்பது எங்களுக்குப் புரியவே சில நாள்கள் ஆயின. 12 வாரங்கள் கழித்து மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்றும், மூன்றும் இருப்பவர்களுக்கு வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தே பாதுகாப்பானது என்றும் கூறி, மருத்துவர் மருந்தை மாற்றியுள்ளார். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும்.

எங்கள் சிக்கல் இதுதான்: விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி 3.6 என்று காட்டிய அதே காலையில், ஆய்வகம் 2.3 என்றது. இந்த எதிர்ப்பொருளே கருவியின் அளவீட்டைக் குழப்பக்கூடும் என்கிறார்கள். இந்நிலையில் உள்ளவர்கள் கருவியை முற்றிலும் கைவிட்டீர்களா, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குச் செல்கிறீர்கள்? வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே உள்ள முருங்கைக்கீரையை நிறுத்தாமல், வாரந்தோறும் ஒரே அளவில் உண்டு சமாளிப்பவர்கள் உண்டா?

அவளுக்குக் குழந்தை பெறும் விருப்பமும் உள்ளது. வார்ஃபரின் கருவுக்குக் கேடு என்பதால், ஹெப்பாரின் ஊசிக்கு மாறிக் கர்ப்பகாலத்தைக் கடந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தெளிவாகக் குறித்துச் செல்லவே இவற்றைக் கேட்கிறேன்.