விழுந்த மரத்தில் கடைசல்: எதைப் பார்த்துக் கட்டை எடுப்பது? மூன்று ஊர்க்காரர்கள் எழுதுகிறார்கள்

சென்னை, அம்பத்தூரிலிருந்து

லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருக்கொடுக்கும் கடைசல் வேலையைப் பழக வருகிறவர்கள் எந்தக் கட்டையைக் கண்டாலும் முதலில் "இது என்ன மரம்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த மரம் எப்படி நின்றது, எப்படி விழுந்தது, விழுந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இந்த மூன்றும் தெரிந்த பிறகு மரத்தின் பெயர் தெரிந்தால் போதும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்தன. பாதையைத் திறந்துவிட வந்த மாநகராட்சிப் பணியாளர்கள் லாரியில் ஏற்ற வசதியாகத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேண்டிய தூங்குமூஞ்சி அடிமரத்தைக் காட்டி, "அண்ணா, இதை மட்டும் ஒரு சாண் கூடுதல் நீளம் விட்டு அறுத்துத் தாருங்கள்" என்று கேட்டேன். ஓரங்கள் வெடிப்பது உறுதி. அந்த வெடிப்பை அறுத்தெறிய நீளம் வேண்டும். அளவாக அறுத்த கட்டையில் வெடிப்பு போக மிஞ்சுவது விறகுதான்.

அன்று மாலையே அந்தக் கட்டைகளை நெடுக்குவாக்கில், நடு வழியாக இரண்டாகப் பிளந்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் மன்றாடிச் சொல்வது இதைத்தான்: உருளையை முழுசாகப் போட்டு வைக்காதீர்கள். மரம் காயும்போது நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்கும். உருளைக்குள் அந்த இழுப்புக்கு இடமில்லை. அதனால்தான் ஒரு பக்கம் ஆப்பு வடிவில் வாய் பிளந்துவிடுகிறது. நடுவை நீக்கிப் பிளந்துவிட்டால் இழுப்பு தளர்ந்துவிடும். அறுத்த முகங்களுக்கு உருக்கிய மெழுகோ கெட்டியான பெயின்டோ பூச வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாத வேலை இது. நம் ஊர் வெயிலில் ஒரு பகல் போதும், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ளே ஓடிவிடும்.

கிளைக் கட்டையைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மரவாடியில் வேலை பார்த்த பெரியவர். பருமனான ஒரு கிளைத் துண்டை நான் தூக்கியதும், "நடு எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று பாருங்கள் தம்பி" என்றார். வளையங்கள் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் நெருக்கமாகவும் இருந்தன. சாய்ந்து வளர்ந்த மரமும் கிளையும் தன் பாரத்தைத் தாங்க மேல்பக்கத்து நாரை இழுத்துப் பிடித்தே வளர்கின்றன. அந்தப் பகுதியில் உளி எவ்வளவு கூராக இருந்தாலும் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும். கடைந்த கிண்ணமும் காயக் காயக் கோணிக்கொள்ளும். அன்றிலிருந்து நடு ஒதுங்கிய கட்டையைக் கிண்ணத்துக்கு எடுப்பதில்லை.

தெரு மரம் என்றால் ஆணி இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பலகை, கேபிள் கம்பி, திருவிழா விளக்கு என்று அடித்த ஆணியையெல்லாம் மரம் தன்னுள் மூடிக்கொள்கிறது. துவர்ப்புள்ள மரங்களில் இரும்பைச் சுற்றி நீலக்கறுப்பாகக் கறை படியும். வெட்டு முகத்தில் அந்தக் கறையைக் கண்டால் லேத்தில் ஏற்றாதீர்கள்.

ஈரக் கட்டையை முதலில் தடிமனாகக் கடைந்துவிடுவது என் பழக்கம். 10 அங்குல அகலக் கிண்ணத்துக்கு 1 அங்குலச் சுவர். அதன் சீவலோடேயே காகிதப் பையில் போட்டு, அவ்வப்போது தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். எடை குறைவது நின்ற பிறகு கோணலை எடுத்து இறுதிக் கடைசல்.

பட்டுக்கோட்டையிலிருந்து

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. அந்த இழப்பைப் பற்றி எழுத இது இடமில்லை. கட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தென்னையைக் கடையலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கடையலாம், ஆனால் வயதான மரத்தின் அடிப்பகுதியில், வெளிப்புறத்தை மட்டும். தென்னைக்கு வளையம் கிடையாது. மற்ற மரங்களில் வைரம் உள்ளே இருக்கும், இதில் கெட்டி வெளியே இருக்கிறது. நடுப்பகுதி சோறாக உதிரும். வெளிப்புறத்திலும் உளியின் முனை சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பிடி, சிறு குப்பி, விளக்குத் தண்டு போன்றவற்றுக்கு தென்னைக் கட்டையில் தெரியும் புள்ளிக் கோலம் அழகு.

மாமரத்துக்கு அவசரம் அதிகம். பட்டையை ஒட்டிய அதன் வெள்ளைப் பகுதியை மழையில் போட்டுவைத்தால் பூஞ்சை ஏறிக் கறுப்புக் கோடுகள் ஓடும். சிலர் அந்தக் கோடுகளுக்காகவே வேண்டுமென்று போட்டுவைக்கிறார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சில வாரங்கள் தாண்டினால் கட்டை தக்கையாகிவிடும். அதைக் கடையும்போது முகக்கவசம் கட்டாயம். பூஞ்சையில் தப்பினால் வண்டு வரும். மாவுச்சத்துள்ள வெள்ளையை அது உளுத்துப்போகச் செய்துவிடும்.

பேராவூரணிப் பக்கத்தில் ஓர் அக்கா, அவருடைய மாமனார் நட்ட பலா விழுந்துவிட்டது என்று என்னை அழைத்தார். வேர்ப்பக்கம் மண்ணோடு பெயர்ந்திருந்தது, அடிமரம் முறியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நடுவில் மடங்கி முறிந்த மரத்தில், முறிவுக்கு வெகுதூரம் தள்ளியும் நார் குறுக்கே நொறுங்கியிருக்கும். வெளியே தெரியாது, லேத் சுற்றும்போது திடீரென்று பிளந்து பறக்கும். இது வேரோடு சாய்ந்த மரம். பட்டையும் பிடித்தபடி இருந்தது. வீட்டில் ஆளுக்கொன்றாக அவர் கேட்டது குங்குமச் சிமிழ். நல்ல மஞ்சளாகக் கடைந்து கொடுத்தபோதே, போகப் போகப் பழுப்பேறும், கெட்டுப்போனதாக நினைத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது பொன்பழுப்பாகிவிட்டதாம். பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள்.

கும்பகோணத்திலிருந்து

நீங்கள் இருவரும் எழுதியது ஈர மரத்தைப் பற்றி. எங்கள் பக்கம் நரசிங்கம்பேட்டையில் வழக்கம் நேர் எதிர். நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம்தான், அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும். அந்த நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பட்டறை ஒன்றில் கேட்டேன்: "புது ஆச்சாவைக் காயவைத்துச் செய்யக் கூடாதா ஐயா?" அவர் துளையிட்ட ஒரு குழலைக் கையில் கொடுத்தார். "கிண்ணம் சற்றுக் கோணினாலும் சாப்பிடலாம். இது மயிரிழை கோணினாலும் சுருதி போய்விடும்" என்றார். தலைமுறைகளாகக் கூரையைத் தாங்கி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த மரம் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆகவே கிண்ணம், சிமிழ் செய்கிறவர்கள் புயல் மரத்தைத் தாராளமாக எடுக்கலாம். துளையும் மூடியும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டிய வேலை என்றால் வீடு இடிக்கும் இடங்களில் சொல்லி வையுங்கள். அம்பத்தூர் நண்பர் சொன்ன நீலக்கறுப்புக் கறையை அங்கேயும் தேடுங்கள், பழைய உத்தரத்திலும் ஆணி உண்டு.